பேச்சியம்மாள் பெயரில் வந்த செய்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சுப் பத்திரிகை போச்சே, காலைக் காபியோடு பேப்பர் விரிக்கிற சுகம் போச்சே என்று உங்கள் முன்னால் மாரடிக்க நான் வரவில்லை. எழுந்ததும் என் கையும் செல்போனைத்தான் தேடுகிறது. வீட்டுக்கு வரும் பேப்பரை என் மனைவி முறுக்குப் பிழிய விரித்துக்கொள்கிறாள். இணையப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று ஆசிரியர் கூப்பிட்டார். நல்ல வார்த்தையெல்லாம் எனக்கு வராது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நடுவில் கோபம் வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

நான் விருதுநகர் மாவட்ட நிருபராக இருந்தவன். காலையில் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ், அங்கிருந்து வண்டியை எடுத்தால் சிவகாசி, சில நாள் ஆலங்குளம் சிமெண்ட் ஆலை வரைக்கும் போவேன். சாயங்காலம் மதுரை ஆபீஸ் டெஸ்க்குக்குச் செய்தியை அனுப்பிவிட்டால் மறுநாள் காலையில்தான் அது ஜனங்கள் கண்ணில் படும். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த மனிதர் பொறுப்பை ஒப்படைத்தபோது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். செத்தவர் பெயரை எழுதுவதானால், அந்த வீட்டு ஆள் ஒருவர் வாயால் அதைக் கேட்டுவிட்டு எழுது, போலீஸ் சொன்னார், டாக்டர் சொன்னார் என்று வராதே என்றார். ஏன் என்று கேட்டேன். டீ ஆறுது, குடி என்றார். பயிற்சி அவ்வளவுதான்.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. கடையில் விற்காமல் திரும்பி வரும் பேப்பர் எங்கே போகும், தெரியுமா? முழிக்காதீர்கள். எடைக்குப் போட்டு, லோடு லோடாகச் சிவகாசிப் பக்கம்தான் வரும். வெடிக்குக் குழாய் உருட்ட அந்தத் தாள்தான். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் குப்பையைக் குனிந்து பாருங்கள், நாம் எழுதியதெல்லாம் அங்கே கிடக்கும். இதை முதல்முதலாக நேரில் பார்த்தது எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில். எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பேச்சு.

குழாய் உருட்டும் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் உருட்டப்போன தாளை விரித்துப் பிடித்தாள்.

“வாங்க அண்ணாச்சி. பேப்பர்காரகதானே நீங்க? எங்க ஊருக்கு ரோடு வந்துருச்சுன்னு இதுல போட்டிருக்கீகளே, இப்ப நீங்க எந்த ரோட்டுல வந்தீக?”

கொட்டகையே சிரித்தது. நான் வந்த பாதையில் என் இடுப்பு கழன்றது எனக்குத்தான் தெரியும்.

“ரோடு போடப் போறதா மந்திரி சொன்னாரு தாயி. அதைத்தான் போட்டோம்.”

“அப்ப அவுக போட்டதுக்கப்புறம் நீங்க போட்டிருக்கலாம்ல?”

அவள்தான் பேச்சியம்மாள். பக்கத்தில் உட்கார்ந்து சினிமாப் பக்கத்தை முழுக்க வாசித்து முடிக்காமல் உருட்ட மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த பெண் முத்துமாரி, அவளுடைய நாத்தனார்; பெயர்ப் பட்டியலில் இல்லாமல் அண்ணிக்குக் கூடமாட உருட்ட வருகிறவள். பேச்சியம்மாளின் புருஷன் கருப்பசாமி குவைத்தில் ஒரு ஆபீஸைத் துடைத்துப் பெருக்கும் வேலையில் இருந்தான். அங்கே வேலை பார்த்த நம்மூர்த் தம்பி ஒருவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் நம் பத்திரிகையைத் திறந்து கொடுப்பானாம்.

“இந்தப் பேப்பரு எங்கிட்ட வந்து சேர மாசக்கணக்கா ஆவுது அண்ணாச்சி. அவுக அன்னைக்கே நெட்டுல பாத்துருதாக. சனிக்கெளமை கடைக்குப் போன் பண்ணி, நம்ம ஊர்ல நடந்ததை எனக்கே சொல்லுதாக. கூத்தைப் பாருங்க!”

முத்துமாரி தாளிலிருந்து தலையை எடுத்தாள். “அப்ப எங்க ஊரு பேரையும் ஒரு நாளு போடுங்க அண்ணாச்சி. எங்க அண்ணன் பாக்கும்ல. நல்ல சேதியாப் போடுங்க.”

போடுறேன் தாயி என்றேன். 

அந்த வருஷங்களில்தான் மதுரை ஆபீஸில் இணையப் பிரிவு வந்தது. ஒரு மூலையில் கம்ப்யூட்டர் போட்டு, காலையில் அச்சான செய்தியை அப்படியே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு ‘உடனுக்குடன்’ என்று ஒரு பகுதி ஆரம்பித்தார்கள். அங்கே இருந்த தம்பி நல்ல பையன், சுறுசுறுப்பு. “எழுதவெல்லாம் வேண்டாம்ணே, போன்ல சொல்லுங்க, நான் அடிச்சுக்கிறேன்” என்பான். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மழை, பஸ் மறியல், கலெக்டர் அறிவிப்பு எல்லாம் சொன்ன கையோடு உலகத்துக்கே போய்விடும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்திய சீசன். மத்தியானம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எம். புதுப்பட்டிப் பக்கம் வெடித்துவிட்டது என்று போன் வந்தது. இந்தப் பக்கத்து நிருபருக்கு அந்த ஒரு வார்த்தை போதும், வண்டியை எடுத்துவிடுவான். போய்ச் சேர்ந்தபோது அதே பட்டாசு ஆபீஸில் திரி செருகும் ரூம் ஒன்று தரைமட்டமாகக் கிடந்தது. உள்ளே இருந்தவர்களில் காயத்தோடு தப்பியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் அங்கேயே உயிர் போய்விட்டது. அவளையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

போர்மேன் ஒரு மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரு என்று கேட்டேன்.

“நம்ம பேச்சியம்மா அண்ணாச்சி. சீசனுக்காகக் குழாய்க் கொட்டகையில இருந்து இங்க மாத்தியிருந்தோம்.”

 எந்த ரோட்டில் வந்தீக என்று கேட்ட முகம் கண் முன்னால் வந்தது.

“நீங்க பாத்தீகளா?”

“பாக்குற மாதிரி இல்ல அண்ணாச்சி. அவ புருசன் சட்டையைத்தான் போட்டிருந்தா, நீலக் கட்டம். காலைல பேரு கூப்பிட்டப்ப வந்திருக்கேன்னு சொன்னாளே.”

அங்கே பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். தூசிக்காக முகத்தையும் துணியால் கட்டிக்கொள்வார்கள். அந்தச் சட்டையை வருஷம் முழுக்கப் பார்த்தவர் போர்மேன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்ற டிவிக்காரர் பெயரைக் கேட்டுக்கொண்டு அப்போதே போனை எடுத்துவிட்டார். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இடறியது.

அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சீசன் நேரத்தில் ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் பிள்ளைக்குச் சுகமில்லை, வீட்டில் விசேஷம் என்றால் தங்கையையோ நாத்தனாரையோ தன் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காலையில் பெயர் கூப்பிடும்போது வந்தவள் வராதவளின் பெயருக்குக் குரல் கொடுப்பாள். போர்மேனுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தக் களேபரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தெளிவாகத் தோன்றிவிட்டது என்று பெருமையடிக்க மாட்டேன். வீட்டு ஆள் யாரும் இன்னும் சொல்லவில்லையே என்ற ஒன்றுதான் உறுத்தியது.

இணையப் பிரிவு டெஸ்க் தம்பி கூப்பிட்டான். “அண்ணே, பேரு?”

“பேரு இப்ப இல்ல. ஒரு பெண் பலின்னு மட்டும் போடு.”

“டிவில ஓடுதுண்ணே. பேச்சியம்மாள்னு.”

“ஓடட்டும். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டுச் சொல்றேன்.”

“நீங்க போய், கேட்டு, வர்றதுக்குள்ள எல்லாரும் போட்டுருவாங்கண்ணே. நம்மது மட்டும் மொட்டையா நிக்கும்.”

“நிக்கட்டும்டா!” என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். ஊர் எல்லையைத் தொடுவதற்குள் மறுபடியும் அவன்தான். பெயரை ஏற்றிவிட்டானாம். டிவியிலிருந்து எடுத்து, போலீஸ் வட்டாரம் தெரிவித்தது என்று ஒரு வால் சேர்த்து. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பொறுமையாகச் சொன்னான்: “ஏண்ணே டென்ஷன் ஆகுறீங்க? அந்த ஊர்ல யாருண்ணே நெட்டு பாக்கப் போறா?”

அவன் சொன்னது சரிதான். அந்த ஊரில் கம்ப்யூட்டரே கிடையாது. என்னிடமும் கிடையாது. நம் பத்திரிகை என்ன போட்டிருக்கிறது என்று அங்கே யாராலும் பார்க்க முடியாது.

பஸ் நிறுத்தத்தில் பெண்கள் கூடி மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. அவள் கைப்பிள்ளையையும் காணோம் என்றார்கள். நான் வண்டியை நிறுத்தி யாரிடம் என்ன கேட்பது என்று நின்றுகொண்டிருந்தபோது சிவகாசியிலிருந்து மினிபஸ் வந்தது. அதிலிருந்து தோளில் பிள்ளையும் கையில் மருந்துப் பாட்டிலுமாக பேச்சியம்மாள் இறங்கினாள்.

ஒப்பாரி அப்படியே நின்றது. பிறகு ஒரே கூச்சல். “ஏத்தா பேச்சி! நீயாடி! பாவி மகளே, நீ போயிட்டேன்னுல்ல சொன்னாக!” ஆளாளுக்கு அவளைக் கட்டிக்கொண்டார்கள், கன்னத்தைத் தடவினார்கள், ஒருத்தி முதுகிலேயே ஒன்று போட்டாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். வண்டியில் கை ஊன்றி வாய்விட்டுச் சிரித்தேன். நல்லவேளை, நல்லவேளை என்று மனசு அடித்துக்கொண்டது. டெஸ்க்குக்குச் சொல்ல வேண்டும் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன்.

அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. “எந்த ரூம்ல?” என்று கேட்டாள்.

“திரி ரூம்ல.”

“அதுல நான்னு யாரு சொன்னா?”

“உன் சட்டையாம்ல. உன் பேரைக் கூப்பிட்டப்ப வந்திருக்கேன்னு குரல் வந்துச்சாம்ல...”

சொல்லிக்கொண்டிருந்தவளுக்கே பாதியில் குரல் இறங்கிவிட்டது. பேச்சியம்மாள் பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். மருந்துப் பாட்டிலையும் கொடுத்தாள்.

“நான் இங்கன நிக்கேன். அப்ப எம் எடத்துல இருந்தது யாரு?”

 என் கையிலிருந்த போன் அடித்தது. டெஸ்க் தம்பி.  “அண்ணே, குவைத்துல இருந்து ஒருத்தர் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டாரு. பேச்சியம்மா புருசனாம். நெட்டுல பாத்துருக்காரு. அழுகுறாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க நம்பரைக் குடுத்துட்டேன்.” அவன் வைத்ததும் அடுத்த அழைப்பு. நீளமான நம்பர்.

பிள்ளைகளே, அழுத்தம் அழுத்தம் என்கிறீர்களே, அழுத்தம் என்றால் அந்த மணிச் சத்தம்தான். எடுக்காமல் விடலாம். சிக்னல் இல்லை எனலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒரு மணி நேரம் வாங்கலாம். ஆனால் அவன் மனைவி செத்துவிட்டாள் என்று நாம் எழுதியதை வாசித்துவிட்டு அங்கே ஒருவன் நிற்கிறான். அவனை அதில் இன்னொரு நிமிஷம்கூட நிறுத்தி வைக்க எனக்கு உரிமை இல்லை. உயிரோடு இருக்கிறாள் என்று நான் சொன்னால், அடுத்து அவன் கேட்கப்போகும் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதைச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. போனை எடுத்து, “ஒரு நிமிஷம்யா, அவகிட்டயே குடுக்கேன்” என்று அவள் கையில் கொடுத்தேன்.

“நான்தான். பேச்சிதான் பேசுதேன். எனக்கு ஒண்ணும் ஆகல.”

அந்தப் பக்கத்து அழுகை சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. அழுகையோடு சிரிப்பும் கேட்டது.

“பிள்ளைக்குக் காய்ச்சலு. டாக்டருகிட்ட போயிருந்தேன்.”

“காய்ச்சலு வந்ததும் நல்லதுக்குத்தான்டி. என் உசுரு போயித் திரும்பி வந்துருக்கு. முத்துமாரி எங்க? பயந்து கெடப்பாளே. அவகிட்ட குடு.”

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“அவ வேலைக்குப் போயிருக்கா.”

 அவனும் அந்த மண்ணில் பிறந்து, அதே ஆபீஸில் குழாய் உருட்டி வளர்ந்தவன்தானே. பிறகு அவன் குரல் மெதுவாக வந்தது.

“யாரு பேருக்குப் போனா?”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் பக்கத்திலேயே போகவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை. அவளாகத்தான் கூப்பிட்டாள்.

“எளுதிக்கோங்க அண்ணாச்சி. முத்துமாரி. எம் பேருலதான் வேலைக்குப் போனா. அவ பேருலயாவது போய்ச் சேரட்டும்.”

எழுதிக்கொண்டேன். நாளைக்குப் பேப்பரில் சரியாக வந்துவிடும் தாயி என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. அழுகைக்கு நடுவிலும் வந்தது.

“பேப்பரு யாருக்கு வேணும்? எங்கிட்ட அது எப்ப வந்து சேரும்? அவுக பாத்தது நெட்டுல. அதுல போடுங்க. இப்பமே போடுங்க.”

டெஸ்க்கைக் கூப்பிட்டேன். தம்பி முந்திக்கொண்டான். “பழசைத் தூக்கியாச்சுண்ணே. இப்ப போய்ப் பாத்தா ஒண்ணுமே இருக்காது.”

“தூக்கினது போதாது. பேச்சியம்மாள்னு போட்டது தப்புன்னு எழுது. செத்தது அவ நாத்தனார் முத்துமாரின்னு எழுது.”

“தப்புன்னு எதுக்குண்ணே? நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். தூக்கிட்டோம்ல, யாருக்குத் தெரியப் போகுது?”

“ஏலே, ஒருத்தன் வாசிச்சுட்டான்டா! அவன் கண்ணுல இருந்து எப்படித் தூக்குவே?”

 கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள், “வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்றாள். போனை அவள் காதில் வைத்தேன். அந்தப் பையன் அடித்ததை எழுத்து விடாமல் வாசித்தான். முத்துமாரி என்ற பெயர் வந்த இடத்தில் அவள் தலையை ஆட்டினாள். அதுவரை எல்லாவற்றுக்கும் பொறு, பொறு என்று சொல்லியே பிழைப்பை ஓட்டிய நான், அன்றைக்குத்தான் முதல்முதலாக, உடனே போடு, இந்த நிமிஷமே போடு என்று கத்தினேன். வேகம் கெட்டது என்று உங்களிடம் சொல்ல நான் வராததற்கு அதுதான் காரணம்.

நீங்கள் எண்ணிக்கை பார்க்கிறீர்கள், எத்தனை பேர் வாசித்தார்கள் என்று. பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர் என்று ஒன்றை அடிக்கும்போது மட்டும், அதை வாசிக்கப்போகிறவன் ஒரே ஒருவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்த செய்தியை, பார்க்கவே கூடாதவன்தான் முதலில் பார்த்தான். அழிக்கிற பொத்தான் உங்கள் மேஜையில் இருக்கிறது, அவனிடம் இல்லை. அந்த டெஸ்க் தம்பி இன்று பெரிய இடத்தில் இருக்கிறான். அவனிடமே கேளுங்கள், அவனும் இதைத்தான் சொல்வான்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் அதே ஆபீஸுக்குப் போனேன். பேச்சியம்மாள் குழாய் உருட்டும் கொட்டகையில் இருந்தாள். அவள் உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தாள். நம் பேப்பர்தான், முத்துமாரி பெயர் வந்த அந்த நாள் பேப்பர். திரும்பி வந்த லோடில் வந்திருக்கிறது.

“அவுக நெட்டுல போய் மறுபடி தேடிப் பாத்தாகளாம் அண்ணாச்சி. எளுத்தெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுதாம். லீவுல வந்தா காட்டலாம்னு வச்சிருக்கேன்.”

இடையில் நம் தளத்தில் எழுத்துருவை மாற்றியிருந்தார்கள். பழைய பக்கங்கள் எல்லாம் அப்படித்தான் ஆகிவிட்டன.

“அன்னைக்குப் பேப்பரு நெறைய வந்திருக்குமே. மத்ததெல்லாம்?”

“உருட்டிட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீக?”

போர்மேன் வந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருத்தியாக வந்திருக்கேன், வந்திருக்கேன் என்று குரல் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் பெயர் வந்தபோது சத்தம் இல்லை. அவள் கையை மட்டும் தூக்கினாள்.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “அந்தப் பேருக்கு அன்னைக்கு அவ குரல் குடுத்தாள்ல. அதுக்கப்புறம் எனக்கு வாய் வர மாட்டேங்குது அண்ணாச்சி.”

போர்மேன் நடந்து வந்து, குனிந்து, அவள் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கச் சொன்னார். முகத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.